சமையற்கட்டுக்குப் பாடப் புத்தகம் தந்த மீனாட்சி அம்மாள்

1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அந்த ஊரின் பெயர் இந்தியா முழுவதும் அடிபட்டது. பிறகு சென்னைக்கு மேற்கே இருந்த ஊர்களின் முகமே மாறத் தொடங்கிற்று. அம்பத்தூரில் 1949-லேயே சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. 1959-ல் டயர் தொழிற்சாலை வந்தது. 1964-ல் தொழிற்பேட்டை திறந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேலை தேடி வந்த வாலிபர்கள் இந்த ஊர்களில் குடியேறினார்கள். வேலை நிலைத்ததும் கல்யாணம் செய்துகொண்டார்கள். புது மனைவியை அழைத்து வந்து குவார்ட்டர்ஸிலோ வாடகை வீட்டிலோ குடித்தனம் வைத்தார்கள்.

அந்தப் பெண்ணின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாயார் ஒரு ஊரில். மாமியார் வேறொரு ஊரில். அடுப்படியில் அவள் தன்னந்தனி. காலை ஏழு மணி ஷிப்டுக்குப் புருஷன் கிளம்பியாக வேண்டும். சாம்பார் நீர்த்துப் போனாலும், மைசூர்பாகு கல்லாக இறுகிப் போனாலும், எங்கே தவறிற்று என்று கேட்க ஆள் கிடையாது. ஊருக்குக் கடிதம் எழுதிப் பதில் வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில், மிளகாய்ப்பொடி டப்பாவுக்கும் எண்ணெய்த் தூக்குக்கும் நடுவே ஒரு புத்தகம் சாய்ந்து நின்றது. அதன் பெயர் சமைத்துப் பார். எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள்.

தமிழ் வீடுகளில் இந்தப் பெயரை அறியாதவர்கள் குறைவு. ஆனால் புத்தகத்தைத் தெரிந்த அளவுக்கு, அதை எழுதியவரின் வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை.

இளமையில் விழுந்த இடி

மீனாட்சி அம்மாள் 1905-ஆம் ஆண்டில் பிறந்தவர். அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பங்களின் வழக்கப்படி சிறு வயதிலேயே விவாகம் நடந்தது. குடித்தனம் நிலைப்படுவதற்குள் கணவர் காலமானார். சிறு மகன், மாமியார், இன்னும் ஆளாகாத மைத்துனர் ஆகிய மூவரின் பொறுப்பும் அந்த இளம் பெண்ணின் தலையில் விழுந்தது.

1920-களில் கைம்பெண்ணின் வாழ்வு எப்படி இருந்தது என்று இன்றைய தலைமுறைக்குச் சொன்னால் நம்புவது கடினம். சுப காரியங்களில் அவள் முன்னே வரக்கூடாது. நல்ல துணி இல்லை, பூ இல்லை, பொட்டு இல்லை. ஆகாரத்திலும் ஆயிரம் விலக்குகள். ஏகாதசியன்று பட்டினி; வெங்காயமும் பூண்டும் கிட்ட வரக்கூடாது. ஆனால் வீட்டில் பத்துப் பேருக்குச் சமைக்க வேண்டுமென்றால் மட்டும் அவள்தான் வேண்டும். பல பெரிய குடும்பங்களில் அடுப்பங்கரையே கைம்பெண்களின் உலகமாக இருந்தது. பிறருக்காகச் சமைத்துத் தான் சாப்பிடாத பண்டங்களிலும் அவர்கள் கை தேர்ந்திருந்தார்கள். இதில் உள்ள அநியாயத்தை அந்தக் காலத்தில் பலரும் அநியாயம் என்று நினைக்கவில்லை.

அந்தத் தளையை உடைக்கச் சென்னையில் சிலர் முயன்றார்கள். தாமே இளம் விதவையான சகோதரி சுப்புலட்சுமி, கைம்பெண்களைச் சேர்த்துப் படிக்க வைத்து ஆசிரியைகளாக ஆக்கினார். பள்ளிக்கூடத்தின் வழியாக வெளியே வந்தவர்கள் அவர்கள். மீனாட்சி அம்மாள் வெளியே வந்த வழி சமையற்கட்டின் வழியாகவே அமைந்தது.

கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

அம்மையாரின் கைப்பக்குவம் உறவினர் நடுவே பிரசித்தமாக இருந்தது. கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் செய்முறை கேட்டு அவருக்கு எழுதுவார்கள். அவரும் சளைக்காமல் பதில் எழுதுவார்.

சமையல் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். நன்றாகச் சமைக்கும் ஒரு பாட்டியிடம் குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால், வேண்டிய அளவு என்பதுதான் பதிலாக வரும். எத்தனை நேரம் கொதிக்க வேண்டுமென்றால், கொதிக்கும் வரை! அந்தப் பாட்டி எதையும் மறைக்கவில்லை. அவளுக்கு அளவு கண்ணிலும் கையிலும் இருக்கிறது, வாயில் இல்லை. பக்கத்தில் நின்று பத்து வருஷம் பார்த்தவளுக்குத்தான் அந்த வித்தை வரும். எதிரே இல்லாத ஒருத்திக்குக் காகிதத்தில் சொல்ல வேண்டுமானால், கைப்பிடியையும் சிட்டிகையையும் எண்ணாக மாற்றியாக வேண்டும். கடிதம் எழுதி எழுதி மீனாட்சி அம்மாளுக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது என்று கொள்வதில் தவறில்லை.

இதைக் கவனித்த பெரியவர் ஒருவர் குடும்பத்திலேயே இருந்தார். அவர் பிரபல வழக்கறிஞர் கே. வி. கிருஷ்ணசாமி அய்யர். சென்னை மியூசிக் அகாடமியின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். சங்கீதத்தை ஏட்டிலே பதித்து வைப்பதன் அருமை தெரிந்த மனிதருக்குச் சமையலைப் பதித்து வைப்பதன் அருமையும் தெரிந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைக் காட்டிலும் எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாக எழுதிவிடலாமே என்று யோசனை சொன்னவர் அவர்தான்.

நகை போய்ப் புத்தகம் வந்தது

யோசனை சொல்வது எளிது. அச்சுக் கூலி யார் கொடுப்பது? பெயர் தெரியாத ஒரு விதவை எழுதிய சமையல் புத்தகம் விலை போகுமா என்பது பெரிய கேள்வி. அந்த நாளில் பெண்கள் சமையலைப் புத்தகம் பார்த்துக் கற்பது கேலிக்குரிய விஷயமாகவும் இருந்தது. தமிழில் பாகசாஸ்திர நூல்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே அச்சானது உண்மைதான். ஆயினும் அவை சாதாரணக் குடும்பங்களின் அடுப்படி வரை அதிகம் எட்டவில்லை.

மீனாட்சி அம்மாள் தம் நகைகளை விற்றார். ஒரு குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்ணுக்கு நகை என்பது அலங்காரம் அல்லவே! நோய் வந்தால் மருந்துக்கும், கஷ்டம் வந்தால் அரிசிக்கும் ஆகிற கடைசிக் கையிருப்பு அது. புத்தகம் மூலையில் முடங்கியிருந்தால் அவருக்கு வேறு போக்கிடம் இருந்திராது. அந்த முதலை வைத்து 1951-ஆம் ஆண்டில் சமைத்துப் பார் முதல் பாகம் வெளிவந்தது. பிரசுரித்தவரும் அவரே.

வந்த காலமும் நல்ல காலம் என்று சொல்வதற்கில்லை. சென்னை மாகாணத்தில் அப்போது உணவுப் பங்கீடு அமலில் இருந்தது. அரிசி ரேஷனில். ராஜாஜி முதல் மந்திரியாக வந்து 1952 ஜூன் மாதம்தான் பங்கீடு நீங்கிற்று. அளந்து கிடைத்த அரிசியை வைத்துக்கொண்டு பட்சணம் செய்யக் கற்றுத் தரும் புத்தகத்தை மக்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் இன்னொருவருக்குச் சொன்னார்கள். கடைசியில் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசுகளில் ஒன்றாகவே அது ஆகிவிட்டது.

இத்தாலி தேசத்திலும் இதே போன்ற கதை ஒன்று உண்டு. பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்பவர் பிளாரென்ஸ் நகரில் வாழ்ந்த பட்டு வியாபாரி, பிரம்மசாரி. சமையல் புத்தகம் எழுதினார். பிரசுரகர்த்தர்கள் ஏற்க மறுத்துவிட்டதால் 1891-ல் சொந்தப் பணத்திலேயே அச்சிட்டார். படித்த பெண்கள் தங்கள் வீட்டுச் செய்முறைகளை அவருக்கு எழுதி அனுப்பினார்கள். அவர் அவற்றைத் தம் வீட்டு அடுப்பில் செய்து பார்த்து, திருத்தி, அடுத்த பதிப்பில் சேர்த்தார். 475 செய்முறைகளுடன் தொடங்கிய நூல், 1911-ல் அவர் இறப்பதற்குள் 790 ஆக வளர்ந்தது. இத்தாலியக் குடும்பங்களில் இன்றும் அது கையிலிருந்து கைக்குப் போகிறது. ஒரு வித்தியாசம்: அர்த்தூசி பணக்காரர். புத்தகம் தோற்றிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பணமும் கொஞ்சம் கௌரவமும் போயிருக்கும், அவ்வளவுதான்.

ஆழாக்கும் எலுமிச்சங்காயும்

புத்தகத்தின் பெயரிலேயே ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. செய்து பார், கேட்டுப் பார் என்பது போலச் சமைத்துப் பார். சரியாக வருமோ வராதோ, முயன்றுதான் பாரேன் என்று வயதில் பெரியவள் சின்னவளை உரிமையோடு ஒருமையில் தட்டிக் கொடுக்கிற குரல் அது. பின்னால் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் பார் என்பதைக் கண்ணால் பார்ப்பதாகவே பெயர்த்துவிட்டார்கள். அந்தக் குரல் அங்கே சற்றே மங்கிவிட்டது.

உள்ளே பாடம் நடத்தும் முறை தெளிவானது. முதலில் வேண்டிய சாமான்களும் அவற்றின் அளவும். அதன் பிறகு செய்ய வேண்டிய வரிசை. பருப்பு ஆழாக்குக் கணக்கில். புளி எலுமிச்சங்காய்க் கணக்கில். இன்று ஆழாக்கைக் கண்ணால் பார்த்தவர்கள் அருகிவிட்டார்கள். எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு பட்டணம் படி. நிறுப்பதற்குப் பலம்; மூன்று தோலா ஒரு பலம்; நாற்பது பலம் ஒரு வீசை. ஊருக்கு ஊர் படி மாறிய காலம் அது. புத்தகத்தைப் படித்த வெளியூர்ப் பெண் முதலில் தன் ஊர்ப் படிக்கும் பட்டணம் படிக்கும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் உலை வைக்க வேண்டும். 1958 முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக அமலுக்கு வந்தபோது, கணக்கு இன்னொரு தடவை மாறிற்று.

எலுமிச்சங்காய் அளவுப் புளி என்பதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. பெரிய எலுமிச்சங்காயா, சின்னதா என்று கேட்பார்கள். ஆனால் புளியை நிறுத்துப் போட்டாலும் பயன் இல்லை என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். பழம்புளிக்கும் புதுப்புளிக்கும் நிறமும் புளிப்பும் வேறு. மிளகாயின் காரமும் மூட்டைக்கு மூட்டை வேறு. பழைய அரிசி குடிக்கிற தண்ணீரைப் புது அரிசி குடிக்காது, ஊற்றினால் குழைந்துவிடும். ஆகவே புத்தகத்தின் அளவு முதல் நாளைக்குத்தான். இரண்டாம் நாளிலிருந்து அவரவர் நாக்கு அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அளவில் இப்படி நெகிழ்ச்சி இருந்தாலும் வரிசையில் இல்லை. பருப்பைத் தனியே மலர வேகவைத்துக்கொண்டு, புளித் தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு வேகாத பருப்பைப் புளியில் போட்டால், எத்தனை விறகு எரித்தாலும் அது நறுக்கென்றே இருக்கும். புளிப்பு பருப்பை இளகவிடாது. கடினநீர்க் கிணறு உள்ள வீடுகளுக்கும் இதே தொல்லை. அந்தத் தண்ணீரில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். புது இடத்துக்குக் குடி வந்த பெண், நேற்று வரை ஒழுங்காக வெந்த பருப்பு இன்று ஏன் மக்கர் செய்கிறது என்று திகைப்பதற்குக் காரணம் பல சமயங்களில் அவள் கை அல்ல, கிணறுதான். அதேபோல ரசத்தை நுரை பொங்கும் சமயத்தில் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். மைசூர்பாகில் பாகு கம்பிப் பதம் வந்த பிறகே கடலை மாவு. பிறகு சூடான நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அந்தச் சூட்டில்தான் மாவு பொங்கி, துண்டுக்குள் கண் கண்ணாக ஓட்டை விழும்.

இந்தப் பதங்களைக் காகிதத்தில் சொல்வதுதான் கடினம். கும்முட்டி அடுப்பிலும் விறகடுப்பிலும் சமைத்த நாளில் நிமிஷக் கணக்குச் சொல்லி என்ன பயன்? கரி சற்று நமத்துப் போயிருந்தால் ஐந்து நிமிஷம் பதினைந்து நிமிஷமாகிவிடும். ஆகவே பதத்துக்கு மணி பார்ப்பது வீண். நிறமும் வாசனையும் நுரையும் கரண்டியில் ஒட்டுவதுமே கடிகாரம். 1959-ல் பிரஷர் குக்கர் நம் நாட்டிலேயே தயாராகத் தொடங்கியது. பிறகு காஸ் அடுப்பு, மிக்ஸி என்று ஒவ்வொன்றாகச் சமையலறைக்குள் வந்தன. அம்மி போய்விட்டது. ஆட்டுரல் கொல்லைப்புறம் போயிற்று. ஆனாலும் கடுகு வெடிப்பதும் பருப்பு சிவப்பதும் மாறவில்லையே! குக்கரில் பருப்பை வைத்துவிட்டு, மற்றதைப் புத்தகத்தில் உள்ளபடியே செய்தார்கள்.

குறை சொல்ல இடமில்லாத புத்தகம் என்று இதைச் சொல்வதற்கில்லை. இது ஒரு சமூகத்தின், அதிலும் சைவ உணவுக்காரர்களின் சமையற்கட்டு. செட்டிநாட்டுக் கோழிக் குழம்பும், நாஞ்சில் நாட்டு மீன் குழம்பும், கொங்கு நாட்டு விருந்தும் இதில் கிடையாது. தமிழர் சமையல் முழுவதும் இதுதான் என்று வெளிநாட்டார் யாராவது எண்ணிக்கொண்டால் அது பெரிய பிழை. அம்மையார் தாம் அறிந்ததை எழுதினார். ஆயினும் வேறு வீடுகளின் பெண்களும் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சாம்பாரில் பூண்டைத் தட்டிப் போட்டும், கூட்டில் சோம்பு தாளித்தும் தங்கள் வீட்டுச் சமையலாக்கிக்கொண்டார்கள்.

கல்யாண ஜாபிதா

முதல் பாகம் பெற்ற வரவேற்பு அடுத்த பாகங்களுக்கு வழிவிட்டது. மொத்தம் மூன்று பாகங்கள். குழம்பு, ரசம், கறி, கூட்டு, பச்சடி, சித்திரான்னம், பட்சணம், ஊறுகாய், வற்றல், வடாம் என்று வீட்டில் வருஷம் முழுவதும் வேண்டியவை எல்லாம் இவற்றில் அடங்கின. பண்டிகைகளும் கல்யாணமும்கூட இடம் பெற்றன. எந்த நாளுக்கு என்ன நைவேத்தியம், கல்யாணத்துக்கு என்னென்ன சாமான் வாங்கி வைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டன.

கல்யாண ஜாபிதா தயாரிப்பது விளையாட்டல்ல. நாலு பேருக்குச் சாம்பார் வைக்கத் தெரிந்தவர்கள் நானூறு பேருக்குக் கணக்குப் போட முடியாது. குறைந்தால் பெண் வீட்டாருக்கு அவமானம், மிஞ்சினால் கடன். அந்தக் கணக்கு அதுவரை பரிசாரகர்களின் மனத்திலும் சில பாட்டிமார்களின் மனத்திலும்தான் இருந்தது. கல்யாண வீட்டில் கைம்பெண்கள் பின்கட்டோடு நின்ற காலத்தில் வளர்ந்த ஒருவர் அதை எழுதி வைத்தார். அவர் பின்கட்டிலிருந்து சொன்ன கணக்கை வைத்து எத்தனையோ முன்கட்டுகளில் மேளம் கொட்டிற்று.

அவருக்குப் பின்

மீனாட்சி அம்மாள் 1962-ஆம் ஆண்டு காலமானார். வயது ஐம்பத்தேழு. அம்பத்தூர் தொழிற்பேட்டையை அவர் பார்க்கவில்லை. ஆவடியில் டாங்கி ஓடியதையும் பார்க்கவில்லை. அந்தக் குடியிருப்புகளில் தம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்ற பெண்களும் அவருக்குத் தெரியாதவர்கள்.

தொழில் அவரோடு நின்றுவிடவில்லை. குடும்பத்தாரே பிரசுரத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. வேறு இந்திய மொழிகளுக்கும் நூல் போயிற்று. தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பம்பாய், டில்லிப் பெண்களுக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் போனவர்களுக்கும் ஆங்கிலப் பதிப்பு கைகொடுத்தது. விமானத்தில் போகும் பெட்டியில் சாம்பார்ப் பொடிப் பொட்டலத்துடன் இதுவும் ஏறியது. கல்யாணம் ஆகாத இளைஞர்களும் வாங்கிப் போனார்கள். 2001-ல் தேர்ந்தெடுத்த செய்முறைகளைப் புதுக்கிய ஆங்கிலப் பதிப்பு ஒன்று வெளிவந்தது. ஆழாக்கு அறியாத தலைமுறைக்கு அளவுகள் அதில் மாற்றித் தரப்பட்டன. நகை விற்ற பணத்தில் பிறந்த நூல் ஐம்பது வருஷத்துக்குப் பிறகு இப்படி மறுபடி உடை மாற்றிக்கொண்டது.

பழைய பிரதிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. பரணில் கிடப்பவையும் உண்டு; அடுப்படியை விட்டு நகராதவையும் உண்டு. அட்டை போயிருக்கும். சாம்பார்ப் பக்கத்தில் மஞ்சள் கறை. பட்சணப் பக்கங்கள் எண்ணெய் ஊறிக் கண்ணாடி போல் ஆகியிருக்கும். ஓரத்தில் பென்சிலால் புளி பாதி, மிளகாய் இரண்டு குறைவு, வெல்லம் வேண்டாம் என்றெல்லாம் எழுதியிருக்கும். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், பேனாவால், வெல்லம் கொஞ்சம் வேண்டும் என்று இருக்கும்.